குட்டிதான் வேணுமா? காப்பகத்தில் காத்துக் கிடக்கிறது வளர்ந்த நாய்!

கோவில்பட்டி, எட்டயபுரம், பசுவந்தனை வட்டாரத்தில் நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, "குட்டி இருக்கா?" என்றுதான்.

"குட்டி இல்லை. 4 வயசு நாய் ஒண்ணு இருக்கு. நல்ல நாய். கூட்டிட்டுப் போறீங்களா?" என்று யாராவது சொன்னால் போதும். முகம் மாறிவிடும்.

"வளர்ந்த நாயா? வேண்டாம் அண்ணாச்சி. அது நம்மகிட்ட ஒட்டாது. நாளைக்குப் பிள்ளையைக் கடிச்சு வச்சா யாரு பதில் சொல்றது?"

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயத்தோடு நின்றுவிட்டால், ஊரில் நல்ல நாய்கள் கூண்டில் கிடந்தே கிழடாகும். காசு கொடுத்து வாங்கிய குட்டிகள் வளர்ந்து தெருவுக்கு வரும். இரண்டும் இன்று நடந்து கொண்டுதான் இருக்கிறது.

அதிலும் மிகவும் பாவப்பட்டது, ஆடு மேய்க்கவும் ஆட்டைக் காக்கவும் பிறந்த நாய்.

ஆடு, மாடு வாழ்ந்த மண்

பசுவந்தனை என்ற பெயரிலேயே பசு இருக்கிறது. பசுக்கள் சிவனை வந்தனை செய்த ஊர் என்று பெயர்க் காரணம் சொல்வார்கள். கைலாசநாதர் கோவில் கொண்ட ஊர். சுற்றிலும் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி.

ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்து, பாசி, சோளம், கம்பு, பருத்தி என்று விதைப்பார்கள். அறுவடை முடிந்ததும் நிலம் சும்மா கிடக்கும். அப்போதுதான் ஆட்டுக்கிடை வரும்.

பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒரு புஞ்சையில் அடைப்பார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதற்கு நிலத்துக்காரர் கிடைக்காசு கொடுப்பார். இடைசெவல் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் 'கிடை' என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதும் அளவுக்கு, இந்த மண்ணோடு ஒட்டிய தொழில் இது.

கிடைக்கு ராத்திரி காவல் யார்? கீதாரி பாதித் தூக்கத்தில் இருப்பார். முழுதாக விழித்திருப்பது நாய்தான். நரி வந்தாலும் குரைக்கும். திருடன் வந்தாலும் குரைக்கும். குரைப்பின் தொனியை வைத்தே வந்தது நரியா, ஆளா என்று சொல்லிவிடும் பெரியவர்கள் இந்தப் பக்கம் உண்டு.

அந்த நாய்க்குச் சம்பளம் கிடையாது. மீந்த கஞ்சிதான் கூலி.

மேய்க்கிற நாய் வேறு, காக்கிற நாய் வேறு

ஆட்டோடு இருக்கிற நாய் எல்லாம் ஒன்றல்ல.

ஒரு வகை, ஆட்டைச் சுற்றி ஓடி, மடக்கி, ஓட்டிக்கொண்டு போகும். வெளிநாட்டு 'பார்டர் கோலி' இந்த ரகம். இன்னொரு வகை, ஆட்டோடு ஆடாகப் படுத்துக் கிடந்து காவல் காக்கும். இமயமலைப் பக்கத்து கத்தி நாய் இந்த ரகம். நம் கிடை நாயும் பெரும்பாலும் காவல் வகைதான். ஆட்டை மடக்குவதைக் கீதாரியே கம்பாலும் குரலாலும் பார்த்துக் கொள்வார்.

ஊர் அறிந்த இன்னொரு மேய்ச்சல் நாயும் உண்டு. அதுதான் அல்சேஷன்!

பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். போலீஸ் நாய் என்றுதானே அதைத் தெரியும்? கொலை நடந்த இடத்துக்கு மோப்ப நாய் வரும், சிறிது தூரம் ஓடும், மெயின் ரோட்டில் போய் நின்றுவிடும், யாரையும் கவ்விப் பிடிக்காது. பத்திரிகைகளில் இதைப் படித்துப் படித்தே அல்சேஷன் என்றால் போலீஸ் நாய் என்று பதிந்து போயிற்று.

உண்மையில் அதன் பெயர் 'ஜெர்மன் ஷெப்பர்டு'. ஷெப்பர்டு என்றால் ஆட்டு இடையர். 1899-ல் ஜெர்மனியில் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, ஆடு மேய்த்த நாய்களைப் பொறுக்கி எடுத்து இந்த இனத்தை உருவாக்கினார். முதல் உலகப்போரில் ஜெர்மன் என்ற பெயரே பிடிக்காமல் போனதால் இங்கிலாந்துக்காரர்கள் 'அல்சேஷன்' என்று மாற்றினார்கள். 1977-ல்தான் அங்கே பழைய பெயர் திரும்ப வந்தது. நம் ஊரில் இன்னும் அல்சேஷன்தான்.

ஆக, மாடி வீட்டு கேட்டுக்குள் சங்கிலியில் கட்டிக் கிடக்கும் அல்சேஷனும், பசுவந்தனை காட்டில் கிடை காத்த நாயும் தொழிலால் உறவுக்காரர்கள். இரண்டுக்கும் இரத்தத்தில் ஒன்றுதான் எழுதியிருக்கிறது: வேலை.

வேலை இல்லாவிட்டால் வம்பு!

மேய்ச்சல் நாய்க்கு நாம் வேலை கொடுக்காவிட்டால் அதுவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்.

போகிற வருகிற டி.வி.எஸ்.50-ஐத் துரத்தும். ஓடி விளையாடும் பிள்ளைகளை ஆடாக நினைத்து மடக்கும், குதிகாலைக் கவ்வும். செருப்பைக் கடித்துக் குதறும். ராத்திரி முழுதும் குரைக்கும்.

வீட்டுக்காரர் என்ன செய்வார்? "சனியன், கட்டிப்போடு" என்பார். கட்டினால் குரைப்பு கூடும், கோபமும் கூடும். ஒரு நாள் யாரையாவது கடிக்கும். மறுநாள் காரில் ஏற்றி நாற்கரச் சாலையோரம் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். மனசாட்சி கொஞ்சம் மிச்சம் இருப்பவர்கள் காப்பகத்தில் விடுவார்கள்.

இதற்கு மோஸ்தரும் ஒரு காரணம். 2003-ல் 'ஹட்ச்' செல்போன் விளம்பரத்தில் 'பக்' நாய் வந்தது. ஊரெல்லாம் பக் தேடினார்கள். 2018-ல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பி வந்தது. நாட்டு வேட்டை நாயின் பெயர் சினிமா பார்த்தவர் வாயில் எல்லாம் புரண்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாய்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். நல்ல விஷயம்தான். ஆனால் பாராட்டைக் கேட்டு வாங்குகிறவர், அந்த நாய் ஓடுவதற்குக் காடு கேட்கும் என்பதை யோசிப்பதில்லை.

கிடை நாயின் கதையும் இதுதான். உரச்சாக்கு வந்தது, மேய்ச்சல் நிலம் சுருங்கியது, பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். கீதாரி மந்தையை எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் விற்றுவிட்டால் ஆட்டுக்கு விலை உண்டு. நாய்க்கு விலை இல்லை. அது கிடை போட்ட புஞ்சையையே சுற்றிச் சுற்றி வரும். பிறகு ரோட்டுக்கு வரும். கடைசியில் 'தெருநாய்' என்று பெயர் வாங்கும்.

கோர்ட்டு சொன்னது

2025-ம் ஆண்டில் தெருநாய் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்ப் பரபரப்பானது.

ஆகஸ்டு 11-ந்தேதி, டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க உத்தரவு வந்தது. ஆகஸ்டு 22-ந்தேதி அது மாற்றப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது என்று கோர்ட்டு கூறியது. தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சியிடம் மனு செய்யலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு என்றும் சொன்னது.

நவம்பர் 7-ந்தேதி இன்னொரு உத்தரவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களில் இருக்கும் நாய்களை அப்புறப்படுத்திக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்றது.

காலையில் பஸ்சுக்கு ஓடுகிற குமாஸ்தாவுக்கும், ராத்திரி கடை அடைத்துவிட்டு நடந்து போகிற வியாபாரிக்கும் இதைக் கேட்டால் நிம்மதியாகத்தான் இருக்கும். நாய்க்கடி பயம் பொய் இல்லை.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். காப்பகத்துக்குள் போகிற நாய் வெளியே வர ஒரே வாசல்தான் உண்டு. அது தத்து. அந்த வாசலில் நிற்கிற எல்லோரும் "குட்டி இருக்கா?" என்றே கேட்டால், கூண்டு நிறைந்துகொண்டே போகும். அடுத்த நாய்க்கு இடம் இருக்காது. மறுபடி தெருதான்!

ஆகவே வளர்ந்த நாயை எடுப்பது நாய்க்குச் செய்யும் தருமம் மட்டும் இல்லை. ஊருக்குச் செய்யும் உபகாரமும்கூட.

குட்டியைவிட மேல் ஏன்?

குட்டி என்பது மூடிய கவர். உள்ளே என்ன இருக்கிறது என்று வளர்ந்த பிறகுதான் தெரியும்.

வளர்ந்த நாய் பிரித்த கடிதம். எவ்வளவு உயரம், எவ்வளவு எடை, எவ்வளவு சோறு, பிள்ளைகளோடு எப்படி, கோழியைக் கண்டால் என்ன செய்யும் என்று எல்லாவற்றையும் எடுப்பதற்கு முன்பே பார்த்துக் கொள்ளலாம். நன்றாக வளர்ந்த ஆண் அல்சேஷன் 30 முதல் 40 கிலோ வரை இருக்கும். கையடக்கக் குட்டியாக வாங்கும்போது இது யாருக்கும் நினைவில் வருவதில்லை.

குட்டி வீடெல்லாம் மூத்திரம் போகும். ராத்திரி அழும். வளர்ந்த நாய் பெரும்பாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கும்.

"வயசான நாய் ஒட்டாது" என்பது வெறும் பேச்சு. வேளைக்குச் சோறும், தினம் நடையும், ஒரே குரலும் கிடைத்தால் நாய் ஒட்டிக்கொள்ளும். நாள் மட்டும் கொஞ்சம் ஆகும்.

யாருக்கு வேண்டாம்?

எல்லோரும் போய் ஆளுக்கு ஒன்று எடுத்து வாருங்கள் என்று சொல்வதற்கில்லை.

காலை 7 மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ராத்திரி 8 மணிக்குத் திரும்புகிற குடும்பத்துக்கு மேய்ச்சல் நாய் வேண்டாம். காற்று வராத ஒற்றை அறை வீட்டுக்கு வேண்டாம். "கட்டிப் போட்டால் வாசலைக் காக்கும்" என்று நினைப்பவருக்கு வேண்டவே வேண்டாம்.

தினம் காலையும் மாலையும் நடக்க ஆள் இருக்கிற வீடு, சுற்றுச்சுவர் உள்ள தோட்டம், பம்புசெட் இருக்கிற புஞ்சை, வீட்டோடு கடை வைத்திருப்பவர், காவல் தேவைப்படும் தீப்பெட்டி ஆபீஸ். இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் இந்த நாய் பொருந்தும்.

ஆட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிடைக்காவல் நாய் குட்டியிலிருந்தே ஆட்டோடு வளர்ந்தது. ஆட்டையே பார்க்காத டவுன் நாயைக் காப்பகத்தில் எடுத்து வந்து நேராகக் கிடையில் விட்டால், காப்பதற்குப் பதில் கடித்துக் குதறிவிடும். முதலில் கயிற்றில் பிடித்துத் தூரத்திலிருந்து காட்ட வேண்டும். வாரக்கணக்கில் பழக்க வேண்டும். பழகாவிட்டால் விட்டுவிட வேண்டும். அதை வீட்டுக்காவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதே சமயம், மந்தையை விற்ற கீதாரியின் நாய் ஒன்று சும்மா திரிகிறது என்றால், அதை எடுக்கப் பக்கத்துக் கிடைக்காரரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அதற்கு ஆடு புதிதல்ல. ஆளுக்குப் பழகினால் போதும்.

எடுப்பதற்கு முன் கேள்

காப்பகத்துக்கு ஒரு தடவை போய், முகத்தைப் பார்த்து மயங்கி, உடனே கூட்டி வரக்கூடாது. இரண்டு மூன்று தடவை போக வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும், பிள்ளைகளும், ஒரு தடவையாவது போக வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

இந்த நாய் ஏன் இங்கே வந்தது? யாரையாவது கடித்திருக்கிறதா? சோறு வைக்கும்போது கிட்டே போனால் உறுமுகிறதா? மற்ற நாயோடு சேருமா? கருத்தடை ஆகிவிட்டதா? தடுப்பூசி எப்போது போட்டது, சீட்டு எங்கே? அல்சேஷன் என்றால் பின்னங்கால் இடுப்பு மூட்டு நன்றாக இருக்கிறதா?

நல்ல காப்பகம் இதற்கெல்லாம் பதில் சொல்லும். பதிலுக்கு உங்களையும் கேள்வி கேட்கும். "வீடு சொந்தமா, வாடகையா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டால் கோபப்படக் கூடாது. பெண் கொடுக்கிற வீட்டில் கேட்பது போலத்தான் அதுவும்.

சென்னையில் 1959-ல் கேப்டன் வி.சுந்தரம் தொடங்கிய 'புளூ கிராஸ்' இன்றும் கைவிடப்பட்ட பிராணிகளைக் காப்பாற்றித் தத்துக் கொடுத்து வருகிறது. நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று 1964-லேயே அந்த அமைப்பு செய்து காட்டியது. சென்னையில் முடிந்தது தென்மாவட்டங்களில் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

3 நாள், 3 வாரம், 3 மாதம்

காப்பகக்காரர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு.

முதல் 3 நாள் நாய் பயந்து கிடக்கும். சாப்பிடாது, மூலையில் ஒதுங்கும். தொந்தரவு செய்யக்கூடாது. உறவுக்காரர்களை அழைத்துக் காட்டக்கூடாது.

3 வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும். அப்போதுதான் அதன் நிஜக் குணம் வெளியே வரும். "வந்தப்போ சாதுவா இருந்துச்சு, இப்ப குரைக்குது" என்று திருப்பி விடப் போகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். இங்கேதான் பொறுமை வேண்டும்.

3 மாதத்தில் அது உங்கள் நாய்.

இந்த வட்டாரத்துக்கென்று சில விஷயங்கள் உண்டு. சித்திரை வெயிலில் கரிசல் காடு அனலாகக் கொதிக்கும். அல்சேஷனுக்கு இரட்டை ரோமம். நடை விடிவதற்கு முன்னும் வெயில் சாய்ந்த பின்னும்தான். நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். வெயிலுக்கு என்று ரோமத்தை மழித்துவிடக் கூடாது. சீவி விட்டால் போதும். வெடிச்சத்தம் கேட்டால் பல நாய்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். தீபாவளி வாரத்தில் வீட்டுக்குள் வைக்க வேண்டும். வேகவைத்த கோழி எலும்பைப் போடக்கூடாது. பிளந்து குடலைக் குத்தும்.

வெறிநாய்க்கடி ஊசி வருடா வருடம் தவறக்கூடாது. மாட்டாஸ்பத்திரியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

எந்த நாய் கடித்தாலும், வீட்டு நாயே ஆனாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மந்திரம் எதுவும் கூடாது. நேரே அரசு ஆஸ்பத்திரி. அங்கே ஊசி இலவசம். வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு பிழைக்க வைப்பது அநேகமாக முடியாத காரியம்.

சட்டம் சும்மா இருக்காது

நாயை வைத்துக்கொண்டு அலட்சியமாக இருந்து அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரவிட்டால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாயை அடித்துக் கொன்றாலோ முடமாக்கினாலோ 325-வது பிரிவு. 5 வருடம் வரை போகலாம்.

ஆனால் வளர்த்த நாயை ரோட்டில் விட்டுப் போவதற்கு? அதுவும் குற்றம்தான். 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை!

50 ரூபாய்க்கு இன்று இரண்டு பேர் காபி, வடை சாப்பிட முடியாது. அவ்வளவு மலிவாக ஓர் உயிரைக் கைகழுவலாம் என்று சட்டமே சொல்வது போல் இருக்கிறது. இது மாற வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

நகராட்சியும் ஊராட்சியும் நாயைப் பிடிப்பதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. பிடித்த நாய்களில் எது சாது, எது காவலுக்கு ஏற்றது, எது ஆட்டோடு பழகியது என்று மருத்துவர் பார்த்துப் பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலை மாட்டாஸ்பத்திரி வாசலிலும் ஊராட்சிப் பலகையிலும் ஒட்ட வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை எட்டயபுரம் சந்தை கூடும் நேரத்தில் அறிவித்தால், கீதாரிகளும் தோட்டக்காரர்களும் ஒரே இடத்தில் கேட்டுக்கொள்வார்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு தாளும் கொஞ்சம் அக்கறையும் போதும்.

தத்துக் கொடுத்த பிறகு 3 மாதம் கழித்து ஒருவர் வீட்டுக்குப் போய் நாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் வேண்டும்.

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வெளியிட்டார்கள். அதே வரிசையில் இமயமலை ஆட்டு நாய்க்கும் தபால்தலை உண்டு. நாய்க்குப் பெருமை சேர்த்தாயிற்று. சோறும் இடமும் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

ஆயிரம் ராத்திரி ஊர் தூங்க, தான் விழித்துக் கிடந்த இனம் அது. வேலை கேட்டு நிற்கிறது. கொடுக்க இடம் உள்ளவர் கூப்பிட்டால் வரும். இடம் இல்லாதவர் தயவுசெய்து குட்டியைக்கூட வாங்க வேண்டாம்.